இன்பமேரியின் இடதுகால் புராணம்

அம்மாபேட்டை, சேலம்.
18 பிப்ரவரி 2025, செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகள் ஜெனிட்டாவுக்கு,

உன் ஒரே தாய்மாமனும், அம்மாபேட்டையின் அழகனும், உன் அம்மா இன்பமேரியிடம் ஐம்பத்து நான்கு வருடங்களாகத் தினமும் திட்டு வாங்கியும் உயிரோடு இருப்பவனுமாகிய செபஸ்தியான் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால், கிட்டத்தட்ட எல்லோரும். அங்கே குளிர் எப்படி? ஜெர்மனியில் இந்த மாதம் மூச்சு விட்டால் அது கட்டியாகிக் கால்மேல் விழுமாமே. உன்னோடு வேலை பார்க்கும் அபிநயா லீவில் வந்தபோது சொன்னாள். பாதி அவள் சொன்னது, மீதி நான் சேர்த்தது.

சாமி, இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். அந்தோணியார் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கையைக் கழுவிவிட்டு, சத்தியமாகச் சொல்கிறேன்: இந்தக் கதையை யாரும் நம்பப்போவதில்லை. உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் நம்ப மாட்டார்கள். பங்குச் சாமியார் பாதிக்கு மேல் நம்பவில்லை. நீயும் பத்து வரி படித்ததும், மாமா ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பாய். சிரி. நம்பாமலே கடைசிவரை படி. பாதியில் எழுந்து போனை மட்டும் எடுத்துவிடாதே.

கதாநாயகி உன் அம்மா. பதறாதே. நல்ல பசியோடும் நல்ல குரலோடும் இருக்கிறாள். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பொன்னாயி போட்ட டீயில் இஞ்சி இல்லை என்று இந்த நிமிஷம் கூடச் சண்டை பிடிக்கிறாள். ஆனால் போன நவம்பரில் அவளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இனிமேல் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஊன்ற மாட்டேன் என்கிறாள். அந்தக் கால் தரையைத் தொட வேண்டும், அதற்கு நீ வேண்டும். கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் போடும் ஜரிகை.

ஏன் மாமா மூன்று மாதமாகச் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே உன் அம்மா என் கையைப் பிடித்தாள். வலியில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். ஜெனியிடம் வாய் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லத்தான் பிடித்திருந்தாள். உன் அப்பா மார்ட்டின் மச்சான் போனபோது நீ நர்சிங் இரண்டாம் வருஷத்தில் இருந்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்கு வருஷம் திரும்பிப் போகவில்லை. அந்த நான்கு வருஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை அவளுக்கு ஜெர்மனி நர்ஸ் தேர்வு இருக்கிறது, இரண்டாவது தடவையும் அவள் எனக்காக வரக்கூடாது என்றாள். மாதா மேல் ஆணையாக வாய் திறக்க மாட்டேன் என்று நானும் சொன்னேன். தேர்வில் நீ தேறிவிட்டாய். இப்போது புது வேலை, ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் செய்வார்களாம், அதுவரை மூச்சு விடாதே என்கிறாள். நான் வாய் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்திருக்கிறேன். இந்தக் கடிதம் அபிநயாவின் பெட்டியில், உன் அம்மா தன் கையால் இடித்துக்கொடுத்த பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் பயணம் செய்கிறது. அவளுக்குத் தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் உன் அப்பாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தோம். என் ஸ்கூட்டர், நான் ஓட்ட, அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது சாயங்காலம் ஆறு மணி இருக்கும். இராசிபுரம் தாண்டி, ஆண்டகலூர் கேட் வருவதற்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அன்று ஆஸ்பத்திரியில் அது சாதாரணத் தெருநாய். மறுநாள் விசாரிக்க வந்த உறவுக்காரர்களிடம் சொல்லும்போது கன்றுக்குட்டி உயரம் வளர்ந்திருந்தது. இப்போது செவ்வாய்ப்பேட்டை முழுக்க, போதமலையிலிருந்து இறங்கிய சிறுத்தையோடு செபஸ்தியான் ஸ்கூட்டரில் மோதினான் என்றுதான் பேச்சு. அந்தச் சிறுத்தைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். அதுவும் சிகிச்சையில் இருக்கிறது என்றேன்.

வண்டி இடதுபக்கம் சாய்ந்தது. சாயும் வண்டியைத் தாங்கலாம் என்று அக்கா இடது காலைத் தரையில் ஊன்றினாள். அறுபத்திரண்டு கிலோ உடம்பு, ஸ்கூட்டர், முன்னால் நான் தொண்ணூற்றிரண்டு, எல்லாம் அந்த ஒற்றைக் காலில் இறங்கியது. நான் ஒரு கீறல்கூட இல்லாமல் புல்லில் உருண்டு எழுந்தேன். அக்கா உட்கார்ந்தபடியே காலைப் பார்த்து, செபா, இது என் கால் மாதிரி இல்லையே என்றாள்.

டாக்டர் பெயர் ஜீவானந்தம். மெதுவாகப் பேசுவார். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன், அவர் அப்போதுதான் வினைச்சொல்லுக்கு வந்திருப்பார். கணைக்கால் எலும்பின் மேல்நுனி ஒரு மேசை மாதிரியாம், அதன்மேல்தான் தொடை எலும்பு உட்கார்ந்திருக்கிறதாம். அந்த மேசை நடுவில் அமுங்கி, இரண்டு பக்கமும் பிளந்துவிட்டதாம். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அவித்த முட்டையின் தலையில் கரண்டியால் தட்டினால் ஓடு எப்படி உள்ளே போகும் என்று கேட்டார். நாமக்கல் பக்கத்தில் முட்டையை வைத்துச் சொன்னால் புரியாதவன் உண்டா? புரிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். நீ நர்ஸ், உனக்கு இதைவிட நன்றாகப் புரிந்திருக்கும். அதனால்தான் இந்தப் பத்தியை வேகமாக முடிக்கிறேன்.

உடனே ஆபரேஷன் கிடையாதாம். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மணிக்கு ஒரு தடவை ஆள் வந்து கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்து, விரலை ஆட்டச் சொல்லி, மரத்துப்போகிறதா என்று கேட்டார்கள். எலும்பு நகராமல் இருக்கத் தொடையில் இரண்டு கம்பி, கணைக்காலில் இரண்டு கம்பி இறக்கி, வெளியே நீளமாக ஒரு இரும்புச் சட்டம் மாட்டினார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்களே, அதே மாதிரி அக்கா காலுக்குப் பாடி கட்டிவிட்டார்கள். ஒரு நம்பர் பிளேட்தான் குறை. சாயங்காலம் ஒரு லாரி புரோக்கர் வந்து, ஈரோட்டுக்கு லோடு போகுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்றார் டாக்டர். ஊரில் உள்ள பெண்களெல்லாம் சுருக்கம் விழக்கூடாது என்று க்ரீம் தடவுகிறார்கள். நாங்கள் சுருக்கம் விழ வேண்டும் என்று ஜெபமாலை சொன்னோம். தினமும் காலையில் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா முழங்காலையே உற்றுப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் அக்கா கத்தினாள், டேய் செபா, சுருக்கம் வந்திருச்சுடா என்று. உனக்கு முதல் பல் முளைத்தபோது கூட அவள் அப்படிக் கத்தவில்லை.

இதற்கு நடுவே ஆட்டுக்கால் சூப். எலும்புக்கு ஆட்டுக்கால் என்று யார் சட்டம் போட்டார்களோ, பங்கில் உள்ள அத்தனை வீட்டிலிருந்தும் தூக்குவாளி வந்தது. இன்று சேலம் மாவட்டத்தில் நான்கு காலில் நிற்கும் ஆடு ஒன்றுகூட இல்லை. பாதி ஆடுகள் வாக்கர் வைத்துத்தான் மேய்கின்றன.

நவம்பர் பதினாறு, ஆபரேஷன். டாக்டர் இரண்டு மணி நேரம் என்றார். நான்கரை மணி நேரம் ஆயிற்று. காலை இரண்டு பக்கமும் திறந்து, அமுங்கிய மேசையை உள்ளேயிருந்து தூக்கி, அடியில் இருந்த பள்ளத்துக்கு அவள் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து நிரப்பி, இரண்டு தகடு, நூற்றுப் பதினொரு ஸ்க்ரூ. பதினொன்றுதான் என்கிறார் டாக்டர். அவர் மெதுவாக எண்ணியிருப்பார்.

இங்கேதான், சாமி, உன் மாமன் வரலாற்றுப் பிழை ஒன்றைச் செய்தான். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு நர்ஸ் ஓடி வந்து, ஓடிப் போனாள். கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை, அவள் ஓடியதைத்தான் பார்த்தேன்.  வராந்தா என்றும் பார்க்காமல் எழுந்து நின்று சத்தமாக, வேளாங்கண்ணி மாதாவே, என் அக்கா நல்லபடியா வெளியே வந்தா அவளை உன் மணல்ல முழங்காலாலேயே நடக்க வைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னாயி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு, ஏனுங்கண்ணா, ஒடைஞ்சதே அந்த முழங்காலுதானுங்களே என்றாள்.

அவள் சும்மா இருந்திருந்தால் மாதாவும் நானும் பேசித் தீர்த்திருப்போம். மூன்றாம் நாள் பொன்னாயி அக்காவிடம் சொல்லிவிட்டாள். உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. தபசுக் காலம் நாற்பது நாளும் டீயில் சர்க்கரை போட மாட்டேன் என்று ஏழாம் வகுப்பில் சொன்னவள், இன்றுவரை போட்டதில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், நான் எப்போது முட்டி போடலாம் என்று கேட்டாள். நடக்கலாம், படி ஏறலாம், கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கலாம், ஆனால் இந்த முழங்காலை மடித்துத் தரையில் பாரம் போடுவதை மட்டும் மறந்துவிடுங்கள் என்று அவர் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஃபாத்திமா வந்தாள். பிசியோதெரபி பெண். உயரம் நாலரை அடி, கண்டிப்பு நாற்பது அடி. தினமும் வந்து முழங்காலை மடக்கினாள். முதல் நாள் மடங்கியது ஒரு கதவைக் கொஞ்சமாக ஒருக்களித்துத் திறக்கிற அளவு. அக்கா போட்ட சத்தத்தில் இளம்பிள்ளையில் தறி நின்றது. இப்போது தொண்ணூறு டிகிரி மடங்குகிறது, நாற்காலியில் ராணி மாதிரி உட்காருகிறாள். ஆனால் மூன்று மாதம் அந்தப் பாதம் தரையில் படக்கூடாது என்று உத்தரவு. வாக்கரைப் பிடித்து வலது காலிலேயே தத்தித் தத்திப் போவாள். பொன்னாயி குளிக்க வைத்தாள், நான் சமைத்தேன். என் சமையலில் மூன்று மாதம் பிழைத்தவளுக்கு எலும்பு கூடியதெல்லாம் ஒரு அதிசயமா?

பிப்ரவரி முதல் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து முதல் முறையாக வேகமாகப் பேசினார். நன்றாகக் கூடியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றுங்கள் என்றார். நான் கை தட்டினேன். அக்கா நிதானமாக, முடியாதுங்க டாக்டர் என்றாள். மாதாவுக்குச் சொன்ன கால், அவங்களுக்குக் கொடுக்காமல் எனக்கென்று ஊன்றி நடக்க மாட்டேன் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நேர்ந்தது யார் என்றார். நான் என்றேன். அப்படியானால் முழங்காலும் உன்னுடையதுதான், அடுத்தவர் காலை வைத்து நேர்ச்சை செய்ய உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்றார். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

வேளாங்கண்ணி மணல்பாதையை நீ பார்த்திருக்கிறாய். அது நாற்பது மைல் நீளம். மற்றவர்களுக்கு எப்படியோ, தொண்ணூற்றிரண்டு கிலோவோடு முழங்காலில் போகிறவனுக்கு நாற்பது மைல்தான். ஒரு கைக்குழந்தை என்னைத் தவழ்ந்து முந்திப் போனது. போய்ச் சேர்ந்து, பால் குடித்து, திரும்பி வந்து மறுபடியும் முந்தியது. பார்த்தவர்கள் பெரிய பாவி போலிருக்கிறது என்று வழி விட்டார்கள். பாதி தூரம் வரை எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு முழங்காலில் தோல் உரிந்து மணல் ஏறியது. சிரிப்பு நின்றுவிட்டது, ஜெனி. அங்கே மாதாவிடம் ஒன்றைச் சொன்னேன். அவளிடம் சொல்லிவிட்டு உன்னிடம் மறைப்பது நியாயமில்லை.

நாய் எதுவும் வரவில்லை.

அன்று கல்லறையில் உன் அம்மா ரொம்ப நேரம் அழுதாள். எப்போதும் இரண்டு சொட்டோடு முடிப்பவள், அன்று எழுந்திருக்கவே இல்லை. திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. வழியெல்லாம் என் வழக்கமான கதை ஒன்றை எடுத்துவிட்டேன். மார்ட்டின் மச்சான் மேலே போய், மோட்ச வாசலில் கணக்குப் பார்க்கிற சம்மனசிடம் சேலம் மாம்பழத்தில் எது மல்கோவா, எது இமாம்பசந்து என்று பாடம் நடத்துவதாக ஒரு கதை. இராசிபுரம் தாண்டியதும் அவள் தோள் குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. சிரிக்கிறாளா, மறுபடியும் அழுகிறாளா என்று தெரியவில்லை. பார்க்கத் திரும்பினேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவ்வளவுதான் பார்த்தேன், வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, நாய் குறுக்கே வந்தது என்றாள். உன் அம்மா வாழ்நாளில் சொன்ன ஒரே பொய். இந்த அண்டப்புளுகனுக்காகச் சொன்னாள். இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதைப்பற்றி ஒரு பேச்சு கிடையாது. நான் நாயைச் சிறுத்தையாக வளர்த்ததெல்லாம் அந்த இடத்தில் வேறு எதுவும் தெரியாமல் இருக்கத்தான்.

நேர்ச்சை முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் முழங்காலைப் பார்த்து, ஒரு கால் போதாதென்று இவன் இரண்டையும் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அரை மணி நேரம் திட்டினாள். திட்டிக்கொண்டே தன் கையால் மருந்து போட்டாள். போட்டு முடித்ததும், மாதா கணக்குத் தீர்ந்தது, எழுந்திரு அக்கா என்றேன். வாக்கரைப் பிடித்து எழுந்தாள். வலது கால் தரையில், இடது கால் அந்தரத்தில். டைல்ஸ் வழுக்கும் என்றாள், தேய்த்துக் கழுவினேன். வெளிச்சம் போதாது என்றாள், பல்பு மாற்றினேன். செருப்பு சரியில்லை என்றாள், நான்கு ஜோடி வாங்கி வந்தேன். நான்காவதாகச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. வாக்கர் கம்பியையே பார்த்துக்கொண்டு, பயமா இருக்குடா செபா என்றாள். ஒரு தரம்தான் சொன்னாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். கடைசியாக அவள் அந்தக் காலை நம்பி ஊன்றியது அன்றைக்கு ரோட்டில்தான். ஊன்றினால் என்ன ஆகும் என்று அந்தக் காலுக்குத் தெரியும். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டலாம். காலுக்குக் கண் இல்லையே.

ஃபாத்திமாதான் ஒரு வழி சொன்னாள். எடை பார்க்கிற மிஷின் மேல் அந்தப் பாதத்தை வைத்து அழுத்தச் சொல்லலாம், எவ்வளவு பாரம் போகிறது என்று கண்ணால் பார்த்தால் பயம் குறையும் என்றாள். முதல் இலக்கு பதினைந்து கிலோ. மிஷினுக்கு நான் எங்கே போவது? முப்பது வருஷமாகச் செவ்வாய்ப்பேட்டை மண்டித் தராசையெல்லாம் பழுது பார்க்கிற எனக்கே இந்தக் கேள்வியா என்று கடைக்கு ஓடினேன். வெல்ல மண்டிக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன பழைய வட்டமுகத் தராசைக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றி, முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துப் பதினேழு தடவை சரிபார்த்துக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தேன். என் நாக்கைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். என் தராசைப் பற்றியும் கேள்.

இன்று ஐந்தாம் நாள். காலையில் வைத்தாள். முள் இரண்டு கிலோவில் நின்றது. இரண்டு கிலோ தக்காளியைத் தரையில் வைத்தால் தரைக்குத் தெரியுமா? அவ்வளவுதான் அவள் காலை நம்புகிறாள். பதினைந்துக்கு நாங்கள் எப்போது போவோம்? மார்ச் ஆறாம் தேதி டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஊன்ற ஊன்றத்தான் எலும்பு கெட்டியாகும், இப்படியே போனால் சதை வற்றி வாக்கரை விடமுடியாமல் ஆகிவிடும் என்று போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எலும்பை நான் சேர்த்துவிட்டேன், இனி அவர் ஊன்றுவதை நான் செய்ய முடியாதே என்றார். இதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

பயப்படாமல் ஊன்று, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லலாம். சொன்னேன். என் கையைப் பார்த்துவிட்டு வாக்கரையே பிடித்துக்கொண்டாள். வண்டி ஓட்டினவன் கை அல்லவா. ஃபாத்திமா ஒரு நாள், வேறு யார் பிடித்தால் ஊன்றுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். என் பொண்ணு இருந்தா அவ தோளைப் பிடிச்சு எப்பவோ ஊனியிருப்பேன் என்றாளாம். சொன்னதும் வாயை மூடிக்கொண்டு, இதை என் தம்பியிடம் சொல்லாதே என்றாளாம். ஃபாத்திமா அடுத்த நிமிஷமே வாசலில் வந்து என்னிடம் சொல்லிவிட்டாள். நல்ல பெண்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பார்ப்பது உன் அம்மாவின் கழுத்துக்கு மேலே மட்டும்தான். பின்னால் தெரிவது ஹால் சுவர் இல்லை, கட்டில் ஓரத்துச் சுவர். ஹாலில் இருந்த காலண்டரைக் கழற்றி அங்கே மாட்டியது நான். ஆஸ்பத்திரியில் இருந்த ஞாயிறுகளில் நம் சமையல்கட்டுத் திரையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். இந்தத் திருட்டுத்தனத்துக்கெல்லாம் சேர்த்து என்னைத் திட்டு, ஒரு நாள் முழுக்கத் திட்டு. நாய் விஷயத்துக்குத் தனியாகத் திட்டு. அதற்கு நான் பதில் பேச மாட்டேன்.

ஆனால் கண்ணு, வராதே. டிக்கெட் பார்க்காதே. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அவள் கால் ஊன்றுமோ என்னவோ, மனசு உடைந்துவிடும். அதற்குப் போட டாக்டரிடம் தகடு கிடையாது. வேலை நிரந்தரமான பிறகு லீவு எடுத்து வா. அவளே நடந்து வந்து உனக்குக் கதவைத் திறக்கட்டும்.

வருகிற ஞாயிறு எப்போதும் போலக் கூப்பிடு. நலம் விசாரி. பிறகு, அம்மா, போனைக் கீழே இறக்கு, உன் காலைப் பார்க்கணும் என்று சொல்.  என்னை வைவாள், அழுவாள், நீ அசையாதே. வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசு. தராசு காலடியில் இருக்கும், தயாராக வைத்திருப்பேன். ஜெனி பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஊன்று அம்மா என்று சொல். நான் அறையில் இருக்க மாட்டேன். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முள் எங்கே நின்றது என்று நீ எனக்குச் சொன்னால் போதும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பருப்புப்பொடியை அந்த ஊர் ரொட்டியில் தடவித் தின்னாதே, அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. மாதா உன்னை எப்போதும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். உன் அப்பா இருந்தால் என்னை மன்னித்திருப்பாரா என்று தெரியவில்லை, ஆனால் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பார்.

மற்றபடி நான் முதலிலேயே சொன்னதுதான். சிறுத்தையை நம்பாதே. ஆடுகளை நம்பாதே. நாற்பது மைலையும் நூற்றுப் பதினொரு ஸ்க்ரூவையும் நீயே குறைத்துக்கொள், என் வாயில் வரும் எந்த எண்ணையும் குறைத்துக்கொள். ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம், அதில் ஒரு கிராம்கூட நான் கூட்டவில்லை. இன்று காலை முள் இரண்டில் நின்றது. நேற்று அது ஒன்றரையில்தான் நின்றது.

உன் அன்பு மாமா,
செபஸ்தியான்